காத்திருப்பில் அன்பு இருந்ததா?

நடுவர் அவர்களுக்கும், என் அணித் தோழர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் பெருமக்களுக்கும், அரங்கம் நிறைந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம். மணி அடிப்பதற்குள் சொல்ல வேண்டியவை நிறைய இருப்பதால் நேரே செய்திக்கு வந்துவிடுகிறேன்.

'அன்றாடத் தொழில்நுட்பம் உறவுகளை நெருக்கமாக்கியிருக்கிறதா, விலக்கி வைத்திருக்கிறதா?' என்பது நடுவர் நமக்குத் தந்திருக்கும் தலைப்பு. நெருக்கமாக்கியிருக்கிறது என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் அண்ணன் அவர்கள் தம் உரையின் நடுவில் ஒரு வரி சொன்னார். அதற்கு நீங்கள் தட்டிய கைத்தட்டல் இன்னும் என் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது. "அந்தக் காலத்தில் ஒரு கடிதத்துக்காகப் பதினைந்து நாள் வாசலைப் பார்த்துக் காத்திருந்தோம், அந்தக் காத்திருப்பில் அன்பு இருந்தது; இன்று இரண்டு நீலக் குறி விழுந்து இரண்டு நிமிடத்தில் பதில் வரவில்லை என்றால் சண்டைக்கு நிற்கிறோம், இதுவா நெருக்கம்?" என்று கேட்டார்.

நல்ல வரி, நடுவர் அவர்களே. நானும் கை தட்டினேன். தட்டி முடித்ததும், இன்று பேசுவதற்காக எழுதிக்கொண்டு வந்திருந்த குறிப்புத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். அண்ணன் கேட்ட அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அமர்ந்தாலே எனக்குப் போதும், ஏனென்றால் அந்தக் காத்திருப்பு எங்கள் வீட்டில் இருந்தது, அது எப்படி இருந்தது என்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

1984ஆம் ஆண்டு எனக்கு 9 வயது. என் சித்தப்பா கடல் கடந்து போய் ஒரு தொழிற்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மாதம் ஒரு கடிதம் வரும். உறைக்குள் எப்போதும் இரண்டு தாள்கள் தனித்தனியாக மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஒன்று அவருடைய அம்மாவான என் அப்பத்தாவுக்கு, மற்றொன்று அவருடைய அண்ணனான என் அப்பாவுக்கு. அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது. கடிதம் வந்ததும் அதை மடியில் வைத்துக்கொண்டு, மாலையில் அப்பா வேலையிலிருந்து திரும்பும் வரை, உறையின் மேல் மகன் எழுதியிருந்த முகவரியை ஒற்றை விரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். படிக்கத் தெரியாதவர் எழுத்தைத் தடவி என்ன காண்கிறார் என்று அந்த வயதில் எனக்குப் புரிந்ததில்லை.

ஒரு முறை, கடிதம் வழக்கமாக வரும் நாள் கடந்து ஒரு வாரம் ஓடிவிட்டது. அப்புறம் ஒரு நண்பகலில் வந்தது. மாலை வரை பொறுக்க அப்பத்தாவால் முடியவில்லை. "நீதான் பள்ளிக்கூடம் போகிறாயே, நீ படி" என்று உறையை என் கையில் கொடுத்துவிட்டார். அதுவரை அப்பா மட்டுமே செய்துவந்த வேலை என்னிடம் வந்துவிட்ட பெருமையில், வாசற்படியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வகுப்பில் ஆசிரியர் கற்றுக்கொடுத்த முறைப்படி, காற்புள்ளிக்கு நிறுத்தி, முற்றுப்புள்ளிக்கு மூச்சு விட்டு, உரத்த குரலில் படிக்கத் தொடங்கினேன். முதல் தாளில் "அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம், நீங்கள் நலமா, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று இருந்தது. அப்பத்தா ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினார். இரண்டாம் தாளை என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்தைத் திருப்பிப் படிப்பதுதானே பள்ளிக்கூடப் பழக்கம்? பிரித்தேன். அதே உரத்த குரலில் படித்தேன். "அன்புள்ள அண்ணனுக்கு, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்தத் தாளை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் பிற்காலத்தில் இந்த இடத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம் என்ற வரியை, அந்த அம்மாவுக்கே, ஒரு சொல் விடாமல், உச்சரிப்புச் சுத்தமாகப் படித்துக் காட்டியவன் நான். அங்கேயும் நான் நிறுத்தவில்லை, நிறுத்து என்று அப்பத்தாவும் சொல்லவில்லை. அடுத்த வரி இதுதான்: "இயந்திரத்தில் என் இடது கை மாட்டிக்கொண்டது, உள்ளங்கையில் 11 தையல் போட்டிருக்கிறார்கள், விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை." அந்த வரியின் கடைசிப் பகுதி அப்பத்தாவின் காதில் விழவே இல்லை. அவர் எழுந்து நின்றுவிட்டார். எழுந்து எங்கே போவது என்று தெரியாமல், வாசற்படிக்கும் கதவுக்கும் நடுவில் அப்படியே நின்றார்.

இப்போது அண்ணன் அவர்கள் சொன்ன காத்திருப்புக்கு வருகிறேன். இந்த இடத்தில் மட்டும் நீங்கள் என்னோடு சேர்ந்து விரல் விட்டு எண்ண வேண்டும். சித்தப்பா அந்தக் கடிதத்தை எழுதியது விபத்து நடந்த எட்டாம் நாள். அது வந்து சேர 16 நாள். ஆக, நான் உரக்கப் படித்த அன்று அந்தக் காயத்துக்கு வயது 24 நாள். தையல் பிரித்து, அவர் மறுபடி வேலைக்கே போகத் தொடங்கியிருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்பா அன்றிரவே பதில் எழுதினார். அது போய்ச் சேர 16 நாள். சித்தப்பா உடனே எழுதிய மறுமொழி வந்து சேர 16 நாள். நடுவர் அவர்களே, ஆறிப்போன ஒரு காயத்துக்காக, அது ஆறிவிட்டது என்று தெரியாமல், ஒரு தாய் 32 நாள் அழுதார். அந்த 32 நாளும் அவர் தம் இடது கையால் எதையும் தூக்கவில்லை. மகனின் கை எப்படி இருக்கிறதோ என்று கேட்டால், தம் இடது உள்ளங்கையை விரித்துப் பார்ப்பார்.

அந்த 32 நாளில் அன்பு இருந்தது என்று அண்ணன் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த அன்பைக் காத்திருப்பு கொடுக்கவில்லை. அன்பு ஏற்கெனவே அந்த வீட்டில் இருந்தது. அதைக் காத்திருப்பு 32 நாள் வதைத்தது. காத்திருப்பு சுகமாக இருந்தது என்று இன்று நாம் சொல்வதெல்லாம், கடைசியில் கடிதம் வந்து சேர்ந்த வீடுகளின் நினைவு. வராமலே போன வீடுகளில் போய்க் கேட்டால், காத்திருப்பை யாரும் கவிதையாகச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்து, அண்ணன் எள்ளி நகையாடிய அந்த இரண்டு நீலக் குறி. 2014ஆம் ஆண்டு நவம்பரில் வாட்ஸ்அப்பில் அது வந்தது. நான் அனுப்பியது உன்னிடம் வந்துவிட்டது, நீ அதைப் பார்த்தும்விட்டாய் என்ற தகவல், அவ்வளவுதான் அது. இந்தத் தகவலுக்காக நமக்கு முந்தைய தலைமுறை ஏங்கவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? பதிவு அஞ்சலோடு ஒப்புகை அட்டை என்று ஒன்று இணைத்து அனுப்புவார்களே, அது எதற்காக? தனியாகக் கட்டணம் கட்டி, பெறுபவரின் கையெழுத்தை வாங்கி, அந்த அட்டை திரும்பி வரும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோமே, அது நீலக் குறியின் அம்மா அல்லவா? போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வி கடிதம் எழுதிய ஒவ்வொருவர் நெஞ்சிலும் இருந்தது. என் அப்பா எழுதிய பதில் சித்தப்பா கைக்குக் கிடைத்துவிட்டது என்று 16ஆம் நாள் ஒரு நீலக் குறி விழுந்திருந்தால், அப்பத்தாவின் 32 நாளில் பாதியாவது குறைந்திருக்கும்.

அப்போது தொலைபேசியே இல்லையா என்று எதிரணியில் ஒருவர் கேட்கக்கூடும். இருந்தது. அப்பா மறுநாளே போய் வெளிநாட்டு அழைப்புக்குப் பதிவு செய்துவிட்டு, ஒரு பகல் முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இணைப்பு கிடைக்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கு அந்த இணைப்பாளரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, வழியே அவ்வளவு குறுகலாகத்தான் இருந்தது. 1956ஆம் ஆண்டு அட்லாண்டிக் கடலுக்கு அடியில் முதல் தொலைபேசி வடத்தைப் போட்டபோது, இரண்டு கண்டங்களுக்கு நடுவே ஒரே நேரத்தில் பேசக்கூடிய அழைப்புகள் 36தான். சார்லஸ் காவ் என்ற அறிஞர் கண்ணாடி இழைக்குள் ஒளியை அனுப்பி நெடுந்தொலைவு செய்தி சொல்லலாம் என்று 1966இல் எடுத்துக்காட்டினார். 1988இல் அதே அட்லாண்டிக் கடலின் அடியில் முதல் ஒளியிழை வடம் போடப்பட்டபோது, ஒரே நேரத்தில் 40,000 அழைப்புகள் அதில் போகும் என்றார்கள். 36க்கும் 40,000க்கும் நடுவில் உலகமெங்கும் எத்தனை அம்மாக்கள் நின்றிருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. காவ் அவர்களுக்கு 2009இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். என் அப்பா காத்திருந்த அந்த பெஞ்சின் சார்பில் நானும் அவருக்கு இந்த மேடையில் ஒரு வணக்கம் வைக்கிறேன்.

மறுபடி அந்த இரவுக்கே வருகிறேன், ஏனென்றால் அதில் நான் இன்னும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அப்பா பதில் எழுத உட்கார்ந்தபோது அப்பத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். சொல்லிக்கொண்டே போனார். எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறாய், கையில் தண்ணீர் படாமல் எப்படிக் குளிக்கிறாய், சட்டைப் பொத்தானை யார் போட்டுவிடுகிறார்கள், இரவில் வலி வந்தால் யாரை எழுப்புகிறாய், எழுப்பினால் எழுந்திருக்கக்கூடிய ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்று பத்து நிமிடம் சொன்னார். அப்பா அன்று முழுக்க அலைந்த களைப்பில் எழுதியது மூன்று வரி: "அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. மிகவும் கவலைப்படுகிறார்கள். உடனே பதில் போடவும்." அண்ணன் அவர்களே, கடிதத்தில் மனிதர்களின் நெஞ்சு இருந்தது என்றீர்கள். எழுதத் தெரிந்தவர்களின் நெஞ்சு இருந்தது. எழுதத் தெரியாதவர்கள் எல்லாருக்கும் அவர்களுடைய அன்பை இன்னொருவர் எழுத வேண்டியிருந்தது, வந்த அன்பை இன்னொருவர் படிக்க வேண்டியிருந்தது. மகனுக்கும் தாய்க்கும் நடுவில் களைத்துப்போன என் அப்பாவும், 9 வயதில் நானும் நின்றோம்.

2013ஆம் ஆண்டு வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்பும் வசதி வந்தது. அதற்குக் கொஞ்ச காலம் கழித்து, எண்பது வயதைத் தாண்டிவிட்ட அப்பத்தாவின் கையில் என் தங்கை கைப்பேசியைக் கொடுத்து, இந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசுங்கள், விட்டுவிட்டால் சித்தப்பாவுக்குப் போய்விடும் என்று சொல்லிக்கொடுத்தாள். கட்டைவிரல் வெளுக்கும்படி அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் நான்கு நிமிடம் பேசினார். ஒரு கேள்வி கேட்பார், பதில் வருவதற்காகக் கொஞ்சம் இடம் விடுவார், பிறகு அடுத்த கேள்வி கேட்பார். எதிர்முனையில் யாரும் இல்லை, இது பதிவாகிக்கொண்டுதான் இருக்கிறது என்பது அவருக்குப் புரியவில்லை. அந்த இடைவெளிகளும் அப்படியே பதிவாகி, கடல் கடந்து போயின. அதைக் கேட்டபோது சித்தப்பா என்ன செய்தார் தெரியுமா? தனி அறையில் உட்கார்ந்து, அம்மா விட்டிருந்த ஒவ்வோர் இடைவெளியிலும் வாய்விட்டுப் பதில் சொல்லிக்கொண்டே கேட்டாராம். அந்த நான்கு நிமிடத்தில் இடையில் நிற்க எங்கள் யாருக்கும் வேலை இருக்கவில்லை.

குறுஞ்செய்தி வந்து உணர்ச்சியைக் குறுக்கிவிட்டது என்றும் எதிரணியில் ஒரு சகோதரி சொன்னார். அதற்கு ஒரு செய்தி மட்டும் சொல்கிறேன். குறுஞ்செய்திக்கு 160 எழுத்து போதும் என்று ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்ற பொறியாளர் 1985இல் கணக்கிட்டபோது, அவர் ஆதாரமாக எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று அஞ்சலட்டை. அஞ்சலட்டைகளில் மனிதர்கள் பெரும்பாலும் 150 எழுத்துக்குள்தான் எழுதுகிறார்கள் என்று அவர் கண்டார். சுருக்கமாகப் பேசும் பழக்கத்தைக் கைப்பேசி நமக்குக் கற்றுத் தரவில்லை; நம்மிடம் இருந்ததை அளந்துதான் கைப்பேசிக்குச் சட்டை தைத்தார்கள். தமிழில் எழுதினால் அந்த 160 இடம் 70 ஆகிவிடும் என்பது தனிக் கதை. அந்த 70க்குள்ளும் "வந்து சேர்ந்துவிட்டேன், கவலைப்படாதே" என்பதற்குத் தாராளமாக இடம் இருந்தது.

எழுத்து தெரியாத அப்பத்தாவைச் சொன்னேன். அவரைப் போலக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த இன்னும் பலரை இந்த மேடையில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, அதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. காது கேளாத இருவருக்கு, நெடுங்காலமாகத் தொலைபேசி என்பது சுவரில் தொங்கும் ஒரு பெட்டி மட்டுமே. இன்று அவர்கள் திரையில் ஒருவரையொருவர் பார்த்து, தங்கள் சைகை மொழியிலேயே நள்ளிரவு வரை பேசிச் சிரிக்கிறார்கள். இணையத்தின் அடிப்படை விதிமுறையை 1974இல் ராபர்ட் கானுடன் சேர்ந்து எழுதி வெளியிட்ட விண்டன் செர்ஃப் அவர்களே செவித்திறன் குறைந்தவர், காதில் கருவி அணிபவர். கண் தெரியாதவர்களுக்கு, பொத்தான்களே இல்லாத வழவழப்பான கண்ணாடித் திரை வந்த நாளில் இருந்த வாசலும் மூடிக்கொண்டதுபோல் இருந்தது. 2009இல் ஐபோனில் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் வசதி சேர்ந்த பிறகு, விரல் போகும் இடத்தில் எல்லாம் கண்ணாடி பேசியது. யாருடைய துணையும் இல்லாமல், தனக்கு வந்த செய்தியைத் தானே, பிறர் அறியாமல் கேட்பது என்றால் என்ன என்பதை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கெல்லாம் பழைய காலம் பொற்காலமாக இருக்கவில்லை.

ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு திரைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார் அண்ணன். உண்மைதான், எனக்கும் அது பிடிக்கவில்லை. சாப்பிடும்போது கைப்பேசி எடுக்கக் கூடாது என்று என் வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். ஆனால் பக்கத்தில் இருப்பவரிடம் பேசாமல் இருக்க மனிதனுக்கு எந்தக் காலத்திலும் கருவி தேவைப்பட்டதில்லை. தூரத்தில் இருப்பவரிடம் பேசத்தான் கருவி தேவைப்பட்டது. 1973ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், நியூயார்க் நகரத் தெருவில் நின்றுகொண்டு, ஒரு கிலோவுக்கும் மேல் எடையுள்ள கருவியைக் காதில் வைத்து, உலகின் முதல் கைப்பேசி அழைப்பைச் செய்த மார்ட்டின் கூப்பர் அவர்கள் யாரை அழைத்தார் தெரியுமா? அதே கருவியைச் செய்துவிட வேண்டும் என்று போட்டி நிறுவனத்தில் உழைத்துக்கொண்டிருந்த ஜோயல் எங்கலை அழைத்தார். கைப்பேசியில் போன முதல் அழைப்பே எதிரணித் தலைவருக்குத்தான் போனது, அண்ணே! அந்த நீலக் குறி வரியை நீங்கள் எழுதுகிறீர்கள் என்று முன்பே தெரிந்திருந்தால், நானும் உங்களை ஒரு முறை கூப்பிட்டிருப்பேன்.

முதல் மணி அடித்துவிட்டது. நடுவர் அவர்கள் இன்னும் சில நிமிடம் பொறுத்தருள வேண்டும், ஏனென்றால் அந்தக் கையைப் பற்றி நான் இன்னும் முடிக்கவில்லை.

விபத்து நடந்து நான்கு ஆண்டு கழித்துத்தான் சித்தப்பாவுக்கு ஊருக்கு வர விடுமுறை கிடைத்தது. வாசலில் வந்து இறங்கியவரிடம் அப்பத்தா வா என்று சொல்லவில்லை, எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. இடது கையை இழுத்துப் பிடித்து விரித்து, உள்ளங்கையின் குறுக்கே ஓடிய தழும்பை விரலால் தடவினார். முன்பு உறையின் மேல் இருந்த முகவரியைத் தடவுவாரே, அதே ஒற்றை விரல். அதன் பிறகு சித்தப்பா எத்தனை முறை வந்தாரோ அத்தனை முறையும் வாசலில் அதுதான் நடந்தது. அவருக்கு வயதாகி, பேரப் பிள்ளைகள் பிறந்து, பயணம் அரிதான பிறகு ஒரு நாள் என் தங்கை காணொலி அழைப்பில் அவரைப் பிடித்து, திரையை அப்பத்தாவின் முன்னால் நிறுத்தினாள். முகம் பார்த்துப் பேசும் தொலைபேசியை 1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியிலேயே காட்டினார்கள்; சாதாரண வீடுகளுக்கு அது வந்து சேர ஒரு தலைமுறைக்கு மேல் ஆனது. எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று, மகனின் முகம் தெரிந்ததும் அப்பத்தா சொன்ன முதல் சொல், "கையைக் காட்டு."

சித்தப்பா கையைக் காட்டினார். "அது இல்லை, இன்னொரு கை" என்றார் அப்பத்தா. திரை முழுவதும் அந்த உள்ளங்கை விரிந்தது, தழும்பு கோடாகத் தெரிந்தது. அவர் விரலை நீட்டித் தடவினார். நம் விரல் பட்டதும் திரையின் மின்புலத்தில் உண்டாகும் சிறு மாற்றத்தைக் கண்டுகொண்டு, அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும்படிதான் அந்தக் கண்ணாடியைச் செய்திருக்கிறார்கள். அதற்குத் தொடுவது தெரியும், தடவிக்கொடுப்பது தெரியாது. விரல் வழுக்கிக் கீழே இருந்த சிவப்பு வட்டத்தில் பட்டு, அழைப்பு துண்டாகிவிட்டது. மறுபடி அழைத்தோம். மறுபடி அந்தக் கை வந்தது. மறுபடி தடவினார், மறுபடி துண்டானது. "தொடாதீர்கள் அம்மா, பார்த்தால் போதும்" என்று அப்பா சொல்லிப் பார்த்தார். பார்த்தால் அவருக்குப் போதவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒவ்வொரு காணொலி அழைப்பும் இரண்டு மூன்று முறை துண்டாகித்தான் முடியும், அதை நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

2020ஆம் ஆண்டு உலகம் முழுவதும் விமானங்கள் தரையில் நின்ற அந்த மாதங்களில் அப்பத்தா படுக்கையில் விழுந்தார். சித்தப்பாவால் வர முடியவில்லை. எந்த வழியும் இல்லை. கடைசி நாள் என்று மருத்துவர் சொன்ன மாலையில், அப்பா கைப்பேசியைப் படுக்கைக்கு அருகில் பிடித்துக்கொண்டு தம்பியை அழைத்தார். அப்பத்தா பேசும் நிலையில் இல்லை, கையைக் காட்டு என்று கேட்கவும் இல்லை. கேட்காமலே சித்தப்பா இடது கையை விரித்துக் கேமராவுக்கு முன்னால் நீட்டினார். அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது, அந்தக் கை நடுங்கியது. அப்பத்தாவின் விரல் போர்வைக்குள்ளிருந்து மெதுவாக வெளியே வந்தது. அது எங்கே போகிறது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். சிவப்பு வட்டம் கீழே இருக்கிறது, பட்டால் துண்டாகிவிடும் என்றும் தெரியும். அன்றைக்கு யாரும் தொடாதீர்கள் என்று சொல்லவில்லை.

நான்கு முறை துண்டானது. நான்கு முறையும் என் அப்பா மீண்டும் அழைத்தார். ஒவ்வொரு முறை திரை வெளிச்சமானபோதும், எதிர்முனையில் அந்தக் கை விரித்தபடியே, எடுக்கப்படாமல், அங்கேயே இருந்தது, நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.